முன் நீரிழிவு நிலையில் இருப்பவர்களில் யாரை முதலில் கவனிப்பது?

கேள்வி

வணக்கம். முதல்நிலை சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை ஒன்றில் அண்மையில் குடும்ப மருத்துவராகச் சேர்ந்திருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் முன் நீரிழிவு நிலையில், அதாவது சர்க்கரை இயல்பைவிடக் கூடியும் நோய் என்னும் அளவை எட்டாமலும், இருப்பவர்கள் ஏராளம். எல்லோருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லி, ஓராண்டு கழித்து வரச் சொல்லி அனுப்புகிறோம். அடுத்த முறை வரும்போது சிலருக்குச் சர்க்கரை நோய் உறுதியாகிவிடுகிறது. பலர் அப்படியே இருக்கிறார்கள். சிலருக்கு அளவு தானாகவே இயல்புக்குத் திரும்பியிருக்கிறது. ஒருவருக்கு ஒதுக்க முடிவது சில நிமிடங்களே என்னும்போது, விரைவில் நோய்க்குள் போகக்கூடியவர்களை எதை வைத்து இனங்காண்பது? பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் விவரங்களே இதற்குப் போதுமா?

பதில் 1 (பொது மருத்துவர்)

பெரும்பாலும் போதும். முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவைத்தான். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை, அல்லது வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருக்கும் எல்லோரையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் இந்த வரம்பின் கீழ்முனையில் இருப்பவருக்கும் மேல்முனையில் இருப்பவருக்கும் உள்ள ஆபத்து ஒன்றல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எச்பிஏ1சி 5.5 முதல் 6.0 வரை இருந்தவர்களில் 9 முதல் 25 சதவீதம் பேருக்கும், 6.0 முதல் 6.5 வரை இருந்தவர்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கும் ஐந்து ஆண்டுகளில் நீரிழிவு வந்திருக்கிறது. வெறும் வயிற்று அளவு, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு ஆகிய இரண்டுமே கூடியிருந்தால், ஒன்று மட்டும் கூடியிருப்பவரைவிட ஆபத்து அதிகம்.

அடுத்தது, அளவு போகும் திசை. ஒரே நாளில் இருவர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் எச்பிஏ1சி 6.0. ஒருவருக்கு மூன்று ஆண்டுகளாக அதே அளவு, எடையும் மாறவில்லை. மற்றவருக்குச் சென்ற ஆண்டு 5.7 இருந்தது, இதற்கிடையே நான்கு கிலோ எடை கூடியிருக்கிறது. இன்றைய அறிக்கையை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுதான். பழைய பக்கத்தைப் புரட்டினால்தான் இரண்டாமவரை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பது தெரியும்.

பருமன், இடுப்புச் சுற்றளவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் கூடிய டிரைகிளிசரைடு கொழுப்பு, குறைந்த எச்டிஎல் (நல்ல கொழுப்பு), கல்லீரல் கொழுப்பு, பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவை நீங்கள் அறிந்தவைதாம். இவற்றுள் நம்மால் மாற்றக்கூடியது என்பதால் எடைக்கு நான் தனி இடம் கொடுப்பேன். 2002இல் முடிவுகள் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் பங்கேற்றார்கள். மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற பிரிவில் ஆண்டுக்கு நூற்றுக்கு 11 பேர் நோய்க்குள் போனார்கள். உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதை இலக்காகக் கொண்ட பிரிவில் அது 58 சதவீதமும், சர்க்கரையைக் குறைக்கும் மருந்தான மெட்ஃபார்மின் பெற்ற பிரிவில் 31 சதவீதமும் குறைந்தது. அந்த வாழ்க்கைமுறைப் பிரிவில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து ஏறத்தாழ 16 சதவீதம் இறங்கியதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். நோயாளியிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை.

பதில் 2 (ஆய்வக மருத்துவர்)

மேலே சொன்னவை அனைத்தும், அறிக்கையில் உள்ள எண் சரியாக இருந்தால் மட்டுமே பொருந்தும். இரும்புச்சத்துக் குறைபாட்டால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் விரைவாக அழியும் நிலையிலும், அண்மையில் இரத்தம் இழந்தவர்களுக்கும் குறைத்துக் காட்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும் ஒரு சிக்கல் உண்டு. எடுத்த இரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரிக்காமல் குழாயிலேயே விட்டுவைத்தால், இரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருப்பதால், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்குகிறது. காலையில் எடுத்த மாதிரி ஆய்வகத்துக்கு மதியம் வந்து சேர்ந்தால், 110 இருந்தவருக்கு இயல்பான அளவு என்று அறிக்கை போய்விடலாம். ஆகவே எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை நம்பி முடிவெடுக்கும் முன், மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, எப்போது பிரிக்கப்பட்டது என்று ஒருமுறை கேளுங்கள்.

பதில் 3 (மகப்பேறு மருத்துவர்)

பதிவேடே போதுமா என்ற கேள்விக்கு என் துறையிலிருந்து ஒரு மறுப்பு உண்டு. கர்ப்பகாலத்தில் சர்க்கரை நோய் இருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றத் தாய்மார்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் அந்த விவரம் பிரசவக் கோப்போடு நின்றுவிடுகிறது, குடும்ப மருத்துவரின் கோப்புக்கு வந்து சேர்வதில்லை. பிரசவம் முடிந்து 4 முதல் 12 வாரங்களுக்குள் செய்ய வேண்டிய குளுக்கோஸ் பரிசோதனைக்கும், கைக்குழந்தையோடு இருக்கும் பலர் வருவதில்லை. நாற்பது வயதில் வேறு காரணத்துக்காக வரும் பெண்ணிடம், "கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை இருந்ததாகச் சொன்னார்களா?" என்று நாமாகக் கேட்டால்தான் தெரியவரும். முதல் பதிலில் சொன்ன அமெரிக்கத் தடுப்பு ஆய்விலும் இத்தகைய பெண்களுக்கு மெட்ஃபார்மின், வாழ்க்கைமுறை மாற்றம் ஆகிய இரண்டுமே ஆபத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தன. தொடர்ந்து ஸ்டீராய்டு எடுப்பவர்களையும், எடையைக் கூட்டும் மனநோய் மருந்துகளை உட்கொள்பவர்களையும் மறந்துவிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஓர் ஐயம். வயது கூடக்கூட ஆபத்தும் கூடும் என்றால், எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களையும் பட்டியலின் மேலே வைக்க வேண்டுமா?

பதில் 1 (பொது மருத்துவர்)

வேண்டாம் என்பேன். எழுபது வயதைக் கடந்தவர்களைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முன் நீரிழிவு நிலையில் இருந்த முதியோரில் நோய்க்குள் போனவர்களைவிட, இயல்பு நிலைக்குத் திரும்பியவர்களும் இறந்துபோனவர்களும் அதிகம். அவர்களுக்கு ஆண்டுக்கொரு பரிசோதனை போதும். கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் தசை வற்றிப்போகாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். அறுபதுக்குக் கீழே இருந்து, எச்பிஏ1சி 6.0ஐத் தாண்டி, எடையும் ஏறிக்கொண்டிருப்பவர்களையும், கர்ப்பகால நீரிழிவு இருந்த பெண்களையும் முதலில் அழையுங்கள். அவர்களை ஓராண்டு காத்திருக்கச் சொல்லாமல் ஆறு மாதத்திலேயே மீண்டும் பாருங்கள்; மெட்ஃபார்மின் தேவையா என்பதையும் அப்போதே அவர்களோடு கலந்து பேசுங்கள்.