ட்ரஃபிள் கேக்: வீட்டில் செய்தால் உண்மையிலேயே மலிவா?

மதுரைக்காரி:
மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கிலோ சாக்லேட் ட்ரஃபிள் கேக் வேண்டியிருந்தது. பேக்கரியில் 900 ரூபாய் சொன்னார்கள். வீட்டில் செய்தால் பாதி விலைதான் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்ல, நானே செய்தேன். ஆன செலவு: கோகோ பவுடர் 100 கிராம் 180, டார்க் காம்பவுண்ட் என்கிற விலை குறைந்த சாக்லேட் அரைக் கிலோ 200, ஃப்ரெஷ் கிரீம் 70, வெனிலா, பேக்கிங் பவுடர், சோடா மூன்றும் 120. மைதா, சர்க்கரை, முட்டை, எண்ணெய், தயிர் சேர்த்து 50. அட்டையும் பெட்டியும் 35, கரண்ட் 10. இதோடு கேக் டின் 260, கேக்கை வைத்துச் சுழற்றும் டர்ன்டேபிள் 350, ஸ்பேட்டுலா 120. மொத்தம் 1,395. கேக் நன்றாகவே வந்தது. ஆனால் மலிவு என்று இனி யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓவன்தோழி:
கூட்டல் சரி அக்கா, கணக்குப் போட்ட விதம்தான் சரியில்லை. பத்து வருஷம் உழைக்கிற டின்னை ஒரே கேக்கின் தலையில் கட்டலாமா? அதை எடுத்துவிடுங்கள். ஒரு கிலோ கேக்குக்குக் கோகோ 35 கிராம் போதும், அது 63 ரூபாய். காம்பவுண்ட் 250 கிராம், 100 ரூபாய். வெனிலா வகையறா 10. கிரீம் பாக்கெட்டைத் திறந்தால் வெகுநாள் தாங்காது, அதை முழுசாகவே வைத்துக்கொள்வோம். மற்றவை நீங்கள் சொன்னபடியே. 338 ரூபாய்தான் வருகிறது. 900 எங்கே, 338 எங்கே?

கணக்குப்பிள்ளை:
மிச்சம் இருப்பது மறுபடி செய்கிறவர்களுக்குத்தான் மிச்சம். எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு கேக். போன முறை மிஞ்சிய கோகோ ஈரம் கோத்துக் கட்டியாகிவிட்டது, பேக்கிங் பவுடருக்குத் தேதி தாண்டிவிட்டது, இரண்டையும் குப்பையில் போட்டோம். அடுத்த சில மாதங்களில் இன்னொரு கேக் செய்யப் போவதில்லை என்றால், பாக்கெட்டின் முழு விலையும் இந்தக் கேக்கின் கணக்கில்தான் சேரும். பாத்திர பண்டங்களை விட்டுவிட்டாலும் 665 ரூபாய். மிச்சமாவது 235. அதற்கு நான்கு மணி நேர வேலை, அப்புறம் நெய்ப்பிசுக்கோடு ஒரு தொட்டிப் பாத்திரம். அந்த வேலையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அதைப் பூஜ்யம் என்று எழுதும் கணக்கை நான் ஏற்பதில்லை.

ஓவன்தோழி:
வேலையை நான் பூஜ்யம் என்று சொல்லவில்லை ஐயா. எங்கள் வீட்டில் மாவு சலிப்பதும் பாத்திரம் கழுவுவதும் என் கணவர். மாதம் ஒரு தடவையாவது ஓவன் எரிகிறது, ஒரு கிராம் கோகோ வீணானதில்லை. வருஷத்துக்கு ஒன்று என்றால் உங்கள் கணக்கு சரி, வாங்கிவிடுங்கள். அதை வைத்து எல்லோருக்கும் நஷ்டம் என்று சொல்லாதீர்கள்.

நெல்லை ஹோம்பேக்கர்:
நான் வீட்டிலிருந்து கேக் விற்கிறேன். நீங்கள் மூவருமே விலையை மட்டும் பார்க்கிறீர்கள், உள்ளே போகும் சாக்லேட்டைப் பார்க்கவில்லை. காம்பவுண்டில் கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பனைக் கொட்டைக் கொழுப்பு. பாக்கெட்டின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். கூவர்ச்சர் என்கிற நல்ல சாக்லேட்டில் குறைந்தது 31 சதவீதம் கோகோ பட்டர் இருக்க வேண்டும். அது கிட்டத்தட்ட 34 டிகிரியில் உருகும், அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. காம்பவுண்ட் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது உருகாமல் நிற்கும், விலையும் குறைவு என்பதால் கடைகளில் அதைப் போடுகிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

நான் வாங்கும் கூவர்ச்சர் கிலோ 2,000. 250 கிராமுக்கு 500. ஓவன்தோழி சொன்ன 338இல் காம்பவுண்டின் 100ஐக் கழித்து இதைச் சேர்த்தால் 738. இந்தக் கேக்கை நான் 1,500க்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. வீட்டில் செய்வது எங்கே லாபம் என்றால் இங்கேதான்.

கணக்குப்பிள்ளை:
1,500 அதிகமில்லையா? 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கும் கேக்குக்கும் ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதமாகிவிட்டதே.

தென்னந்தோப்பு ஆனைமலை:
வரியைவிடக் கோகோ விலைதான் பெரிய அடி. நாங்கள் தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கிறோம். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்கே பருவம் தப்பியது, மரங்களில் வைரஸ் நோய் வேறு. 2022இல் டன் 2,500 டாலர் அளவில் இருந்தது, 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. 2025இல் பாதிக்கு இறங்கினாலும் கடைப் பாக்கெட்டில் விலை அதே வேகத்தில் இறங்கவில்லை. அந்தத் தம்பி சொல்லும் 2,000 ரூபாயில் இதெல்லாம் இருக்கிறது.

நெல்லை ஹோம்பேக்கர்:
நன்றி அண்ணா. ஒன்று மட்டும், நான் தம்பி இல்லை, தங்கச்சி. 1,500இல் என் கூலி, ஃப்ரிட்ஜ் கரண்ட், டெலிவரி, சரியாக வராமல் போகும் கேக் எல்லாம் அடக்கம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே உருகிய சாக்லேட் இறுகிவிடும், அந்த நஷ்டமும் என்னுடையதுதான்.

மதுரைக்காரி:
சரி, டின்னை ஒரே கேக்கில் சேர்த்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் கேக் மலிவில்லை என்பதில் மாற்றமில்லை. புதிதாக இறங்குகிறவர்களிடம் 338 என்று மட்டும் சொல்லாதீர்கள், கையில் 1,400 வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 65 கிராம் கோகோவும் கால் கிலோ காம்பவுண்டும் மீதி இருக்கின்றன. அடுத்த மாதம் மாமியாருக்கு அறுபது. கிரீமில் சாக்லேட்டை உருக்கிச் செய்யும் கனாஷில் பாதி காம்பவுண்ட், பாதி கூவர்ச்சர் கலக்கலாமா?

நெல்லை ஹோம்பேக்கர்:
கனாஷில் தாராளமாகக் கலக்கலாம் அக்கா, கிரீம் சேர்வதால் பிரச்சினை இல்லை. அச்சில் ஊற்றும் சாக்லேட்டுக்கு மட்டும் கலக்காதீர்கள், இரண்டு கொழுப்பும் ஒத்துப்போகாமல் மேலே வெள்ளை பூக்கும். கனாஷ் திரிந்துவிட்டால் இளஞ்சூடான பால் ஒரு ஸ்பூன் விட்டு மெதுவாகக் கலக்குங்கள், சேர்ந்துவிடும்.