மண் அணைக்குக் கீழே வீடு, இந்த மதிப்பீட்டை எப்படிப் படிப்பது?

வணக்கம். அணை, நீர்வளம் சார்ந்த வேலையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

பென்சில்வேனியாவில் இருக்கிறோம். ஓடையோடு ஒன்றரை மைல் மேலே போனால் ஊர்க் குடிநீருக்கான சிறிய மண் அணை. ராணுவப் பொறியாளர் பிரிவு வைத்திருக்கும் தேசிய அணைப் பட்டியலில் தேடினேன். ஆபத்து வகை 'ஹை', நிலை 'ஃபேர்' என்று இருந்தது. பதறிவிட்டேன். அப்புறம் படித்ததில் புரிந்தது, 'ஹை' என்றால் அணை பலவீனம் என்று அர்த்தமில்லை; உடைந்தால் கீழே உயிர் போகும் என்பதுதான். 'ஃபேர்' என்றால் வழக்கமான நாளில் குறை இல்லை, அரிதான பெருவெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ குறை வரலாம்.

அந்த அரிதான மழைதான் பயம். இதே மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் பக்கம் லாரல் ரன் அணை, 1977 ஜூலையில் கரைமேல் நீர் வழிந்து உடைந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். அதுவும் குடிநீருக்கான மண் அணைதான்.

போன சனிக்கிழமை நடந்து போய்ப் பார்த்தேன். கரை அடியில் ஒரு பாய் அகலத்துக்குச் சொதசொதவென்று ஈரம், ஷூ அமுங்கியது. மழை பெய்து பத்து நாள் ஆகிறது. தண்ணீர் தெளிவாகத்தான் கசிகிறது. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்கிறார்கள், சரியா? சரிவில் மணிக்கட்டுப் பருமனில் மரங்கள் வேறு.

இதை அணை உரிமையாளரிடம் சொல்வதா, மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவிடமா? கடைசி ஆய்வறிக்கையையும் வெள்ளம் பரவும் வரைபடத்தையும் யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா? எழுதிய கடிதம் இருந்தால் அனுப்புங்கள். மாமியார் கீழ்த்தளத்தில்தான் படுக்கிறார்.