விடுதலையான பிறகும் டிஎன்ஏ போலீஸ் கையில் இருக்கலாமா?

வைகைக்கரை:
கைதான ஒருவரின் கைரேகை, கருவிழி, ரத்தம், எச்சில், அதில் இருந்து எடுக்கிற டிஎன்ஏ விவரம் வரை வாங்கி 75 வருடம் வைத்துக்கொள்ளலாம் என்று 2022ல் நம் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன் இருந்த 1920ஆம் வருடச் சட்டத்தில் கைரேகை, கால்தடம், போட்டோ போன்றவைதான். விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று புதுச் சட்டத்திலும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவர் இதற்கு முன் தண்டனை பெறாதவராக இருக்க வேண்டும், மேல்முறையீடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும், அப்போதும் மாஜிஸ்திரேட் காரணம் எழுதி 'இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டால் அழிக்க மாட்டார்கள். போதாததற்கு, பின்னால் வந்த விதிகள்படி மாநில அரசின் பொறுப்பு அதிகாரிக்கு மனு வேறு போக வேண்டும். கோர்ட்டே குற்றமில்லை என்று சொன்ன பிறகு அவர் எதற்கு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

ராயபுரம்_ரவி:
தப்புப் பண்ணாதவருக்கு என்ன பயம் சார்? ஆதாருக்கு வரிசையில் நின்று பத்து விரலையும் கொடுத்தோம். போலீஸ் கேட்டால் மட்டும் அந்தரங்கமா?

வைகைக்கரை:
ரவி சார், கைரேகையைப் பார்த்து உங்கள் அப்பா யார், வீட்டில் யாருக்கு என்ன பரம்பரை நோய் என்று சொல்ல முடியாது. எச்சில் மாதிரியில் அது அத்தனையும் இருக்கிறது. நீங்கள் கொடுத்தால் உங்கள் தம்பியையும் பிள்ளைகளையும் கேட்காமலே அவர்களையும் சேர்த்துக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

செங்காந்தள்:
அண்ணா, நீங்கள் சொல்வதில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் ஒன்றுமே இல்லை, அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1998ல் லண்டனில் ஒரு முதியவரை வீடு புகுந்து அடித்துக் கொன்றார்கள். அதற்கு முந்தைய வருடம் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டு, வழக்குக் கைவிடப்பட்ட ஒருவரின் டிஎன்ஏ அதில் பொருந்தியது. ஜூரி 1999ல் குற்றவாளி என்றது. ஆனால் அன்றைய சட்டப்படி அந்த மாதிரியை முன்பே அழித்திருக்க வேண்டும் என்று சொல்லி 2000ல் தண்டனையை ரத்து செய்தார்கள். அதே ஆள், அதே கொலையோடு இன்னொரு மூதாட்டி கொலையிலும் சேர்த்துக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது எப்போது தெரியுமா, 2019ல். இடையில் இருந்த அத்தனை வருடமும் அந்தக் குடும்பங்கள் எப்படி இருந்திருக்கும்? அழித்துவிடு என்று சொல்வது சுலபம்.

தாமிரபரணி:
அக்கா சொன்ன வழக்கு உண்மை, கனமானதும்கூட. அது போன்ற வழக்குகளால்தான் பிரிட்டன் 2001ல் சட்டத்தையே மாற்றி, விடுதலையானவர் உட்பட எல்லார் டிஎன்ஏவையும் காலவரையின்றி வைத்துக்கொள்ள ஆரம்பித்தது. அதில் யார் மாட்டினார்கள் என்றும் பார்க்க வேண்டும் இல்லையா. வழிப்பறி முயற்சி என்று 11 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள், சில மாதத்தில் விடுதலையாகிவிட்டான், டிஎன்ஏவை மட்டும் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2008 டிசம்பரில் 17 நீதிபதிகளும் ஒரே குரலில், குற்றம் என்ன, வயது என்ன என்று பார்க்காமல் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவது தவறு என்றார்கள். அதன் பிறகு 2012ல் புதுச் சட்டம் போட்டு, குற்றமற்றவர்கள், சிறார்களின் விவரங்கள் என்று 17 லட்சத்துக்கும் மேல் அழித்தார்கள். பெரும்பாலும் விடுதலையானவர்கள், வழக்கே போடப்படாதவர்கள்.

செங்காந்தள்:
அழித்ததால் தப்பித்தவன் எத்தனை பேர் என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும் தம்பி? 2005ல் லண்டன் குராய்டனில் கொல்லப்பட்ட இளம்பெண் வழக்கையே எடுத்துக்கொள். மறு வருடம் பப்பில் நடந்த அடிதடியில் பிடிபட்டவனிடம் மாதிரி எடுத்ததால்தான் கொலைகாரன் கிடைத்தான்.

தாமிரபரணி:
அந்த வழக்கு நான் சொல்வதற்குத்தான் சாட்சி. அங்கே பத்திரமாக வைத்திருந்தது கொலை நடந்த இடத்தில் கிடைத்த தடயத்தை. கைதானவனிடம் புதிதாக எடுத்ததை அதனோடு ஒப்பிட்டார்கள், பொருந்தியது, முடிந்தது. கைதானதும் எடுத்து ஒப்பிடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. பொருந்தவில்லை, வழக்கும் நிற்கவில்லை என்றால் எதற்கு 75 வருடம்?

ராயபுரம்_ரவி:
சரி, இருந்துவிட்டுத்தான் போகட்டுமே, என்ன நஷ்டம்?

வைகைக்கரை:
நஷ்டம் யாருக்கு என்று சொல்கிறேன். 2011ல் மான்செஸ்டர் பூங்காவில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் எக்ஸெட்டர் ஊர்க்காரர் ஒருவரின் டிஎன்ஏ பொருந்திவிட்டது. அவர் சத்தியமாக அந்த ஊருக்கே போகவில்லை என்கிறார், கேட்பாரில்லை. கிட்டத்தட்ட ஐந்து மாதம் சிறையில் இருந்தார். கடைசியில் பார்த்தால், அவருடைய எச்சிலை வேறொரு சில்லறைத் தகராறுக்காகச் சோதித்த பிளாஸ்டிக் தட்டையே, தூக்கிப்போட வேண்டியதை, இந்த வழக்கு மாதிரிக்கும் தடயவியல் கூடத்தில் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அன்று இரவு அவர் பிளிமத்தில் இருந்ததை அவருடைய போன் பதிவு காட்டியது. ஒருவரின் மாதிரி கூடத்தில் புழங்குகிற வரை இந்த ஆபத்து அவர் தலைக்கு மேல்தான். இங்கே டிஎன்ஏ கூடங்களை ஒழுங்குபடுத்த வந்த மசோதாவையும் 2023ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

செங்காந்தள்:
தட்டைத் தூக்கிப்போடாதது கூடத்தின் தவறு, அதற்கு விவரத்தை அழிப்பது தீர்வாகாது. இன்னொன்று, நம் சட்டத்தில் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், பெண்கள், குழந்தைகள் மீதான குற்றமாக இல்லாத பட்சத்தில், ரத்தம் எச்சில் தர மறுக்கலாம். அதை நீங்கள் யாருமே சொல்லவில்லையே.

வைகைக்கரை:
மறுக்கலாம்தான். ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் அதை யார் சொல்வார்கள்? மறியலுக்குப் போய்க் கைதான ஒரு பையனுக்காக ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன், நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு என்ன போட்டோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தான். தடுப்புக் காவலில் வைக்கப்படுபவரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார் என்பதால், நம் ஊரில் குண்டர் சட்டத்தில் போகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்காந்தள்:
அப்படியென்றால் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கொலை, பாலியல் வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி விடுதலையானவர் விவரம் ஐந்து வருடமாவது இருக்க வேண்டும். சாட்சி பிறழ்ந்து எத்தனை வழக்கு இங்கே விழுகிறது என்று உங்களுக்கே தெரியும் அண்ணா. மறியல் கேஸ், சில்லறைக் கேஸ் எல்லாம் மனு இல்லாமலே தானாக அழியட்டும்.

தாமிரபரணி:
இங்கிலாந்திலும் இப்போது கடும் குற்றங்களுக்கு மூன்று வருடம், கோர்ட் அனுமதித்தால் கூடுதலாக இரண்டு. ஆனால் எச்சில் மாதிரியை ஆறு மாதத்துக்குள் அழித்துவிட்டு எண்களாக உள்ள விவரத்தை மட்டும்தான் வைக்கலாம். நம் சட்டத்தில் மாதிரிக்கென்று அப்படி ஒரு கெடு கிடையாது. அதைச் சேர்க்காமல் ஐந்து வருடத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா.

ராயபுரம்_ரவி:
வைகை சார், என் மச்சான் ஒரு கேஸில் போன வருடம் விடுதலையானான். அவன் என்ன பண்ணணும்?

வைகைக்கரை:
தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கச் சொல்லுங்கள். அரசுத் தரப்பு மேல்முறையீடு போட்டிருக்கிறதா என்று வக்கீல் மூலம் பார்த்துவிட்டு, இல்லை என்றால் பொறுப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் மனு, ஒப்புகை அட்டையோடு. அட்டையைத் தொலைத்துவிட வேண்டாம்.