பின்சீட்டில் ஆள் ஏறினால் மட்டும் வரும் சத்தம்: சிங்கப்பூர்ப் பழைய கார்க்காரர்களின் அனுபவங்கள்

ஈசூன், 1965 மோரிஸ் மைனர்

எங்கள் மைனரில் ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு ‘டொக்’ இருந்தது. நான் தனியாக ஓட்டினால் வராது. அம்மாவும் சித்தியும் பின்னால் ஏறிவிட்டால், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் முதல் வேகத்தடையைத் தாண்டும்போதே ஆரம்பித்துவிடும். அம்மா ஒவ்வொரு முறையும், “என் எடைதான் காரை உடைக்குதோ?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே இதைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று உறுதி எடுத்தேன்.

முதலில் போன பட்டறையில், குலுக்கலை அடக்கும் ஷாக்தான் காரணம் என்றார்கள். மைனரின் பின் ஷாக் இன்று நாம் பார்க்கும் குழாய் வகை இல்லை. எண்ணெய் நிறைந்த ஒரு பெட்டியும் அதிலிருந்து நீளும் ஒரு கையும். இங்கிலாந்திலிருந்து வரவழைத்து மாற்றினேன். சத்தம் போகவில்லை. அடுத்த பட்டறையில் பட்டை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். அவை நம் ஊர் வெப்பத்தில் உண்மையிலேயே நொறுங்கிப்போய்த்தான் இருந்தன. ஆனாலும் ‘டொக்’ அப்படியே இருந்தது.

35 வயது தாண்டிய கார்களுக்கான திட்டத்தில் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சோதனை ஓட்டமும் அதில் ஒரு நாளைத் தின்றுவிடும். அதனால் கண்டபடி சுற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டு வைத்தேன். என்ன வேகம், எந்த கியர், பிரேக் மிதித்தேனா, எஞ்சின் சூடா, வண்டியில் எத்தனை பேர், சாலை எப்படி என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் எழுதினேன். ஐந்தாறு வரி சேர்ந்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது. வேகத்துக்கும் கியருக்கும் சம்பந்தமே இல்லை. பின்பக்கம் பாரம், சாலையில் மேடு, இரண்டும் சேர வேண்டும்.

இரண்டு பட்டறையிலும் காரை அடிச்சட்டத்தில் தாங்கித்தான் தூக்கினார்கள். அப்படித் தூக்கினால் சக்கரங்கள் தொங்கும், பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலும் கீழே இறங்கிவிடும். அப்போது புகைக்குழாய்க்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரியும். பார்ப்பவர் யாரானாலும் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார். சின் மிங்கில் ஒரு பெரியவரிடம், சக்கரம் தரையில் நிற்பதுபோலவே ஏற்றும் தண்டவாள லிஃப்ட் இருந்தது. தேக்காவில் வாங்கிய 25 கிலோ அரிசி மூட்டை நான்கைப் பின்சீட்டில் வைத்து ஏற்றினோம். இடைவெளி ஒரு சோற்றுப் பருக்கை அளவு! டார்ச் அடித்துப் பார்த்தால், அழுக்குப் படிந்த ஆக்சில் உறையில் ஓரிடம் மட்டும் காசு அளவுக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. குழாயைத் தாங்கும் ரப்பர் தொய்ந்து இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ரப்பரை மாற்றி, கிளாம்பைக் கொஞ்சம் திருப்பி இறுக்கினார். அன்று மாலை அம்மாவை ஏற்றிக்கொண்டு அதே வேகத்தடையில் இரண்டு முறை ஏறி இறங்கினேன்.

தட்டும் சத்தம் வேறு, அதிர்வு வேறு. தட்டலைத் தேட மேடு பள்ளம் வேண்டும். அதிர்வைத் தேட லிம் சூ காங் ரோடு மாதிரி நேரான, வழவழப்பான சாலை வேண்டும். என் காரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 10 முறை சுற்றும், எஞ்சினின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 40 முறை. 10 என்பது ஸ்டியரிங்கில் உதறலாகக் கைக்குத் தெரியும். 40 ரீங்காரமாகக் காதுக்குத் தெரியும். டாப் கியரில் ஷாஃப்டும் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் எது என்று பிரிக்க முடியாது. பின்னால் வண்டி இல்லாதபோது நியூட்ரலில் போட்டு உருளவிடுங்கள். அதிர்வு நின்றால் எஞ்சின் பக்கம் தேடுங்கள், தொடர்ந்தால் ஷாஃப்ட் அல்லது சக்கரம். முதல் சில கிலோமீட்டர் மட்டும் உதறிவிட்டு அடங்கினால் வாரக்கணக்கில் நின்ற இடத்தில் டயர் தட்டையாகியிருக்கிறது என்று அர்த்தம். வருடத்தில் 320 நாள் நிற்கிற வண்டிகளுக்கு இது சகஜம்.

பெடோக், 1982 மெர்சிடிஸ் டபிள்யூ123

தம்பி, எஞ்சினா ஷாஃப்டா என்று பிரித்துப் பார்த்ததுதான் என் பணத்தையும் காப்பாற்றியது. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உடம்பே குலுங்கும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் ஷாஃப்டின் முனையில் இருக்கும் தடித்த ரப்பர் வட்டு, போல்ட் துளைகளைச் சுற்றி வெடித்திருந்தது. மாற்றியதும் குலுக்கல் போனது, ஆனால் 70இல் புதிதாக ஒரு முனகல் வந்தது.

இந்தக் காரின் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் பற்கள் கோத்து இணைவது. கழற்றியவர் அடையாளம் போடவில்லை, ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார். பழைய குறியைத் தேடிப் பிடித்துச் சேர்த்தோம். நடு பேரிங் போல்ட்டுகளைக் கார் சக்கரத்தில் நின்ற பிறகு, முன்னும் பின்னும் உருட்டிவிட்டுக் கடைசியில் இறுக்கினோம். அதன் பிறகுதான் அமைதி. எந்த ஷாஃப்டாக இருந்தாலும் கழற்றும் முன் கோடு போடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

உட்லண்ட்ஸ், 1972 பீட்டில்

நான் கேபினுக்குள் வரும் சத்தங்களை மட்டும் சொல்கிறேன். முதலில் காரைக் காலி செய்யுங்கள்: ஜாக்கி, குடை, டாஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் சில்லறை, எல்லாம். பிறகு வேறு யாரையாவது ஓட்டச் சொல்லி, நீங்கள் ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது நிற்கிறதோ அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். என் மகள்தான் இதில் கெட்டிக்காரி. பெட்டி மூடியின் தாழ்ப்பாள் என்று 10 நிமிடத்தில் சொல்லிவிட்டாள். ஒரு துண்டு ஃபெல்ட் துணி போதுமாக இருந்தது.

ஒரு வேண்டுகோள். கதவு லொடலொடக்கிறது என்று உள்ளே ஸ்பாஞ்சை அடைக்காதீர்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர் அடைத்த ஸ்பாஞ்ச் ஊறி ஊறி, கதவின் அடித்தகடு கையோடு வந்தது. சத்தமும் போகவில்லை.

ஈசூன், 1965 மோரிஸ் மைனர்

அண்ணே, அக்கா, இரண்டுக்கும் நன்றி. ரிவர்ஸ் போடும்போது என் காரில் ‘டிங்’ என்று ஒன்று கேட்கிறது. ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்தால் பின் ஜாயிண்டில் ஆட்டம் தெரிகிறது. சனிக்கிழமை கழற்றுகிறேன். ஷாஃப்டும் ஆக்சிலும் போல்ட்டால் சேரும் இரண்டு ஃபிளேஞ்சிலும் வெள்ளைக் கோடு போட்டாயிற்று.