புதுப்பிப்பு: மணி வாடகை ஷெட், லிஃப்டுக்கான தரை, பாதியில் நிற்கும் கார்

வண்டி வைத்திருப்பவர்களே வந்து வேலை பார்த்துக்கொள்ள, இடத்தையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஷெட்டைக் கோவையில் தொடங்குவது பற்றி முன்பு கேட்டிருந்தேன். காரைத் தூக்கி நிறுத்தும் இரண்டு தூண் லிஃப்டைப் பழைய தரை தாங்குமா, பாதி கழற்றிய காரை என்ன செய்வது என்பவைதான் கேள்விகள். ஷெட் திறந்தாகிவிட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"லிஃப்ட் வாங்கும் முன் தரையில் துளை போட்டுக் கனத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான் காப்பாற்றியது. கான்கிரீட் 3 அங்குலம்கூட இல்லை. லிஃப்ட் கையேடு 4 அங்குலத்துக்கு மேல் கேட்டது. தூண் நிற்கும் இடங்களை அகலமாக வெட்டியெடுத்து, கம்பி கட்டிப் புதிதாகப் போட்டோம். 28 நாள் கழித்து, கான்கிரீட் பலம் பிடித்த பிறகுதான் தூணைத் தரையோடு பிடித்து நிறுத்தும் ஆங்கர் போல்ட்டை முடுக்கினோம். அதில் அவசரப்படவே வேண்டாம். லிஃப்டை ஏற்றி இறக்குவதும் எங்கள் ஆள் மட்டும்தான்.

பாதியில் நிற்கும் காருக்கு, அடியில் வைத்துத் தள்ளும் சக்கர ட்ராலி யோசனை சரியாக வந்தது. ஓரமாகத் தள்ளி, நாள் வாடகைக்கு மாற்றிவிடுகிறோம்.

வண்டியிலிருந்து இறக்கும் பழைய ஆயில், அபாயகரமான கழிவுகளுக்கான 2016 மத்திய அரசு விதிகளின்படி அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் தர வேண்டும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயிலுக்குத் தனித்தனி கேன் வையுங்கள், கலந்தால் எடுக்க மாட்டார்கள்.

எதிர்பாராதது, பைக்காரர்கள்தான் அதிகம். செயின், பிரேக் பேட் மாற்ற வருகிறார்கள். அவர்களுக்கு லிஃப்ட் தேவையில்லை, பைக்கின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டும், போல்ட்டைச் சரியான அளவுக்கு முடுக்கும் டார்க் ரெஞ்சும் போதும். சிறிய முதலீட்டில் தொடங்குபவர்கள் பைக்கில் ஆரம்பிப்பதே நல்லது என்பேன்.