புதுப்பிப்பு: பிள்ளைகளோடு பழனிக்கு நடந்தது

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு, ஒன்பது வயது மகளையும் ஆறு வயது மகனையும் பாதயாத்திரை கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தேன். நல்லபடியாகப் போய் வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சுமார் 60 கிலோமீட்டர். மகள் முழுக்க நடந்தாள். சின்னவன் பாதி தூரம் தம்பி ஓட்டிவந்த வண்டியில்தான் வந்தான். அதில் ஒரு குறையும் இல்லை, முருகன் கணக்குப் பார்க்கமாட்டான்.

வெயில்தான் பெரிய விஷயம். விடிகாலையிலேயே கிளம்பி, பத்து மணிக்குள் நிழலில் ஒதுங்கிவிடுவோம். மதியம் தரை சுடும், பிள்ளைகளை வெறுங்காலில் விடாதீர்கள். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மகளுக்குக் குதிகாலில் கொப்புளம் வந்தது. உடைக்காமல் கழுவித் துடைத்து, சுத்தமான பருத்தித் துணி சுற்றி, தளர்வான சாக்ஸ் போட்டுவிட்டோம். மறுநாள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்!

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், வழிநெடுக அன்னதானம், நீர்மோர். இருட்டில் நடந்தால் பையின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம்.

அப்புறம், மலைக்குப் படியேறாமல் யானைப்பாதையில் போங்கள். சாய்வாக இருப்பதால் களைத்த கால்களுக்கு எளிது. தைப்பூசக் கூட்டத்தில் மலைமேல் இழுத்துப்போகும் விஞ்ச் ரயிலுக்குக் காத்திருப்பதைவிட அதுவே மேல்.