கடுவன் பூனைக்கு நீர்க்கடுப்பா, அடைப்பா? சேலம், ஏற்காட்டு அனுபவங்கள்

அழகாபுரத்திலிருந்து:

ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியது இல்லை இது. எங்கள் மணிக்கு வந்ததை விவரமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள், யாருக்காவது உதவும்.

மணி நடுவயதுக் கடுவன். கருத்தடை செய்தவன், வீட்டை விட்டு இறங்கமாட்டான், உலர் தீனிதான் சாப்பிடுவான், எடையும் கொஞ்சம் அதிகம். இப்படிப்பட்ட பூனைகளுக்குத்தான் இந்த அடைப்பு அதிகமாக வருகிறது என்று டாக்டர் சொன்னார். பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய சமயம். தட்டில் ஏறுவான், குந்துவான், இறங்குவான், இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பவும் ஏறுவான். நடுநடுவே பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தான். சாயங்காலத்துக்குள் குரலே மாறிவிட்டது. அப்படி அடித்தொண்டையிலிருந்து அவன் கத்தி நாங்கள் கேட்டதில்லை.

மலச்சிக்கலாக இருக்கும், விளக்கெண்ணெய் கொடு என்றார் மாமியார். அவர் மலச்சிக்கல் என்று நினைத்ததில் தப்பில்லை, பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மணலைக் கிளறிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஈரம் பட்டுக் கட்டியான மணல் தட்டில் ஒன்றுகூட இல்லை. ஓர் ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு. அதைப் பார்த்ததும் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கிளினிக். டாக்டர் அடிவயிற்றில் கை வைத்ததுமே சொல்லிவிட்டார்: சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு இறுகிப்போயிருக்கிறது, அடைப்புதான். வீட்டில் யாரும் அழுத்திப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடலாம் என்றும் சொன்னார்.

பெண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அடைப்பது அபூர்வம். ஆண் பூனைக்கு அது நீளம், நுனிக்குப் போகப் போகக் குறுகல். பொடிப்பொடியான படிகங்களும் சளி போன்ற கழிவும் சேர்ந்து அடைப்பானாக மாறி அங்கே சிக்கிக்கொள்கின்றன. சில பூனைகளுக்குக் கல். சிலவற்றுக்கு ஒன்றுமே சிக்கியிருக்காது, வீக்கத்தாலும் தசை இறுக்கத்தாலும் வழி மூடிவிடும்.

சிறுநீர் நின்றால் கழிவெல்லாம் ரத்தத்தில் தங்குகிறது. அதில் மோசமானது பொட்டாசியம். அது ஏற ஏற இதயத் துடிப்பு மெதுவாகும், கடைசியில் நின்றுவிடும். முழு அடைப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள்ளேயே உடம்பு கெட ஆரம்பிக்கலாம், இரண்டு மூன்று நாட்களில் உயிரே போய்விடும். கத்திக்கொண்டிருந்த பூனை சத்தம் அடங்கி ஒரு மூலையில் சுருண்டு படுத்தால் வலி குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வாந்தியும் சேர்ந்துகொண்டால் விஷம் ஏறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

மணிக்கு முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அப்புறம் மயக்கம் கொடுத்து மெல்லிய டியூப் விட்டு, சலைன் அடித்து அடைப்பைத் தள்ளினார்கள். வந்ததெல்லாம் ரத்தம் கலந்த சிறுநீர். டியூபைத் தோலோடு தைத்து, ஒரு பையை மாட்டி, கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை டியூப் இருக்குமாம். அடைப்பு எடுத்த பிறகு சிறுநீர் வெள்ளமாகப் போகும், அதை ஈடுகட்டத்தான் ட்ரிப்ஸைத் தொடர்ந்தார்கள். டியூபைக் கடித்து இழுக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை. அந்தக் கோலத்தில் அவனைப் பார்த்து என் மகள் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

ஏற்காட்டிலிருந்து:

நாங்கள் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் இருக்கிறோம். எங்கள் பூனைகள் எல்லாம் வெளியே திரிபவை. அவை எங்கே சிறுநீர் கழிக்கின்றன என்று யாரும் பார்ப்பதில்லை, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. முதல் பூனை சாம்பல் நிறக் கடுவன். இரண்டு நாள் கண்ணில் படாமல் இருந்து காபிக் களத்துக்குப் பின்னால் கிடந்தான். சேலத்துக்குக் கொண்டுபோனோம். பொட்டாசியம் மிக அதிகமாகிவிட்டது என்றார்கள். முயற்சி செய்தார்கள், காப்பாற்ற முடியவில்லை.

அதிலிருந்து இங்கே எல்லோருக்கும் ஒன்று பழகிவிட்டது. கடுவன் ஒரு வேளை தீனிக்கு வரவில்லை என்றாலோ, செடி ஓரத்தில் அடிக்கடி குந்துகிறான் என்றாலோ ஓர் அறையில் தட்டு வைத்து அடைத்துவிடுவோம். தட்டு காய்ந்தே இருந்தால் கீழே இறங்கவேண்டியதுதான்.

அடுத்த கடுவனுக்கு இப்படித்தான் கண்டுபிடித்தோம். ஐப்பசி மழை, எட்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. கிளம்புவதற்கு முன்பே கிளினிக்குக்குப் போன் செய்து, டாக்டர் இருக்கிறாரா, டியூப் போடும் வசதி உண்டா என்று கேட்டுக்கொண்டோம். இதை எல்லோரும் செய்யுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பதைப் போலக் கொடுமை இல்லை. மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் தீனி வைக்காதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்துப் படுக்கவைத்து, வளைவுகளில் வயிறு இடிபடாமல் மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள் தங்கை. இப்போது அவன் நன்றாக இருக்கிறான்.

மலையில் இருப்பவர்கள் ராத்திரியில் திறந்திருக்கும் இரண்டு மூன்று கிளினிக் நம்பரை இப்போதே எழுதி வையுங்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

மாமியார் விளக்கெண்ணெய் சொன்னதாக எழுதியிருந்தீர்கள் அக்கா. எங்கள் தெருவில் வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லித் தண்ணீர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மனுஷருக்கு நீர்க்கடுப்பு வந்தால் நாமும் அதைத்தான் குடிக்கிறோம். ஆனால் வழி மூடியிருக்கும்போது உள்ளே எதை ஊற்றினாலும் அது அந்தப் பைக்குத்தான் போகும், வெளியே வராது. பை இன்னும் உப்பும். சிரிஞ்சில் தண்ணீர் புகட்டுவதும் அப்படித்தான்.

அதைவிட முக்கியம், வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் உடம்பால் அந்த மருந்தைக் கழிக்க முடியாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் சிரப்பிலும் அதே மருந்துதான் இருக்கிறது.

ஓர் இடத்தில் எங்கள் பூனைக்கு வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரியே வேறு டாக்டரிடம் போனதால் பிழைத்தது. இளம் பூனைகளுக்குக் கிருமியால் இது வருவது குறைவு. கிருமியே இருந்தாலும் ஊசி அடைப்பைத் திறக்காது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள் டாக்டர் என்று நாமே கேட்கலாம், அதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

ஆத்தூரிலிருந்து:

டியூபை எடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் முடிந்துவிட்டது என்று யாரும் நிம்மதியாகிவிடவேண்டாம். திரும்ப அடைப்பது சகஜம். முதல் ஒன்றிரண்டு வாரம் ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும். எங்கள் வெள்ளையனுக்கு வீட்டுக்கு வந்த வாரமே மறுபடி அடைத்தது, திரும்பவும் டியூப், அப்புறமும் அடைத்தது. கடைசியில் அறுவை சிகிச்சைதான் வழி என்றார்கள். குறுகலான நுனிப் பகுதியை எடுத்துவிட்டு, மேலே அகலமாக இருக்கும் குழாயை வாலுக்குக் கீழே தோலோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் பெண் பூனை மாதிரி அகலமான வழியில் போகிறது.

இதைச் செய்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன். அடைப்பது வெகுவாகக் குறையும், ஆனால் படிகம் உண்டாவதையும் பை வீங்குவதையும் அது நிறுத்தாது. கிருமித் தொற்று வரும் வாய்ப்பும் முன்பைவிட அதிகம். தையல் ஆறும்வரை மணல் வைக்கக்கூடாது, காயத்தில் ஒட்டும். நாங்கள் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டோம்.

நம் மாவட்டத்தில் தலைவாசலிலும், பக்கத்தில் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இந்த மாதிரி அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரை தேவைப்பட்டால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி அவசரத்துக்கு முதலில் பக்கத்துக் கிளினிக்தான்.

அழகாபுரத்திலிருந்து:

ஆத்தூர் அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மணி திரும்ப அடைத்துக்கொள்ளவில்லை என்றால் அதற்கு வீட்டில் மாற்றியதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

இங்கே பலர் போர் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள். சேலத்தில் மாமாங்கம் பக்கம் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது கிடைக்கிற ஊர் இது, பூனைக்கு வருகிற ஸ்ட்ரூவைட் படிகத்திலும் மெக்னீசியம் இருக்கிறது, அதனால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். ஒரு காலத்தில் தீனியில் உள்ள மெக்னீசியத்தைத்தான் எல்லோரும் குற்றம் சொன்னார்களாம். சிறுநீர் காரத்தன்மையாக இருப்பதும், கெட்டியாக இருப்பதும்தான் பெரிய காரணம் என்று பிறகு தெரிந்தது. மேட்டூர்த் தண்ணீரா, போர் தண்ணீரா என்பதைவிட எவ்வளவு குடிக்கிறது என்பதைப் பாருங்கள் என்றார்.

உலர் தீனியில் தண்ணீர் 10 சதவீதம் அளவுதான். ஈரத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதனால் மணியை ஈரத் தீனிக்கு மாற்றினோம். கோழியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரையும் தருகிறோம் (வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம்). வீடு முழுக்கக் கிண்ணத்தில் தண்ணீர், தீனித் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைப்பதில்லை. சிறுநீர்ப் பிரச்சினைக்கென்று விற்கிற தீனியை டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். அது ஸ்ட்ரூவைட்டைக் கரைக்கும், கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்காது. எது என்று பரிசோதனையில் பார்த்துத்தான் சொல்வார்கள்.

மனக்கலக்கமும் ஒரு காரணம். வீடு மாறுவது, புதுப் பூனை, தீபாவளி வெடி, வீடு நிறைய விருந்தாளிகள், எதுவாகவும் இருக்கலாம். தீபாவளிக்கு மணிக்கு உள்ளறையில் இடம், ஜன்னல் மூடி, தட்டும் தண்ணீரும் அங்கேயே. எத்தனை பூனையோ அதற்கு ஒன்று அதிகமாக மணல் தட்டு. தினமும் ஈரக் கட்டிகளை எண்ணி அள்ளுவது இப்போது என் மகளின் வேலை. குறைந்தால் அவளே முதலில் சொல்கிறாள்.

கன்னங்குறிச்சியிலிருந்து:

இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டுப் போய்த் தட்டைப் பார்த்தேன். மத்தியானத்திலிருந்து காய்ந்தே இருக்கிறது. பூனை தட்டிலேயே படுத்திருக்கிறது. காலையில் போனால் போதுமா?

அழகாபுரத்திலிருந்து:

வேண்டாம் தம்பி, இப்போதே கிளம்புங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள், எதுவும் புகட்டாதீர்கள். நான் போன கிளினிக்கின் நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், போகும் வழியிலேயே பேசிவிடுங்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து:

டியூப் போட்டாகிவிட்டது அக்கா. நேரத்தோடு வந்தீர்கள், கிட்னி அதிகம் பாதிக்கவில்லை என்றார்கள். நாளைக்குத் திரும்ப ரத்தம் பார்க்கிறார்கள். வீட்டில் அவனுக்குக் கருவாடு என்றால் உயிர். வந்ததும் கொஞ்சம் கொடுக்கலாமா?

அழகாபுரத்திலிருந்து:

கேட்கவே மனசு லேசாகிவிட்டது. கருவாடு வேண்டாம் தம்பி, ஒரே உப்பு. ஆசைக்கு வேகவைத்த மத்தி மீனில் ஒரு துண்டு கொடுக்கலாமா என்று டியூப் எடுக்கிற அன்றைக்கு டாக்டரிடமே கேளுங்கள்.